மலைக்குள் ஏறும் நீர்

தென்மேற்குப் பருவக்காற்று ஆனைமலையின் மேற்குச் சரிவில் மோதி, மேலேறிக் குளிர்ந்து, தன் ஈரத்தின் பெரும்பகுதியை அங்கேயே இறக்கிவிடுகிறது. அதனால் வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு தமிழகத்தின் மிகுமழை இடங்களுள் ஒன்றாக விளங்க, மழைமறைவில் கிடக்கும் கோவைச் சமவெளி ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மி.மீ. மழையே பெறுகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் கால்வாய்களில் கொங்கு வயல்களுக்கு இறங்கி வருவது பெரும்பாலும் இந்த மலைமழையே. பயிரை வளர்க்கும் அம்மழை, அளவு மீறும்போது, தான் விழுந்த சரிவையே பெயர்த்துவிடவும் வல்லது. ஆகவே இம்மலையில் மழையை அளப்பது பாசனக் கணக்கோடு உயிர்க்காப்பும் சேர்ந்த பணியாகிறது.

அளவையின் முதற்கருவி மழைமானி ஆகும். புனல்வாயில் விழும் நீரைக் கலத்தில் சேர்த்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவுக்குழாயில் ஊற்றிப் படிப்பது இந்திய வானிலைத் துறையின் வழக்கம். 1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீருக்குச் சமம். ஒரே நாளில் 64.5 மி.மீ. எட்டினால் கனமழை என்றும், 204.4 மி.மீ. கடந்தால் அதிகனமழை என்றும் அத்துறை வகைப்படுத்துகிறது. தானியங்கி மழைமானியிலோ, சிறு ஊஞ்சல் போன்ற இரட்டைக் கிண்ணம் குறித்த அளவு நிறைந்ததும் கவிழ்ந்து, ஒவ்வொரு கவிழ்ப்பையும் மின்குறியாக அனுப்புவதால், மழையின் வேகமும் உடனுக்குடன் தெரிகிறது.

எனினும் சரிவு பெயர்வதை உறுதிசெய்வது மேலே விழும் மழையைவிட உள்ளே தேங்கும் நீரே. மஞ்சள்பொடியில் சிறிது நீர் தெளித்தால் அது பிள்ளையாராகப் பிடித்த வடிவில் நிற்கிறது. நீர் மிகுந்தால் குழம்பாகி வழிகிறது. மலைமண்ணின் இயல்பும் அத்தகையதே. கெட்டியான பாறையின் மேல் ஆழமாகச் சிதைந்து கிடக்கும் மண்ணில் இறங்கும் நீர், பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு செல்ல வழியின்றித் தேங்கி, மண்மணிகளுக்கு இடையிலுள்ள நுண்துளைகளை நிறைத்து, மணிகளை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளுகிறது. நுண்துளை நீரழுத்தம் எனப்படும் இது ஏற ஏற, மணிகளைப் பிடித்து வைத்திருந்த உராய்வு குறைந்து, சரிவு தன் எடையையே தாங்க முடியாமல் நழுவுகிறது. இக்கோட்பாட்டை 1920-களில் வகுத்தவர் மண் பொறியியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி.

கண்ணுக்குப் புலப்படாத இவ்வழுத்தத்தை அளக்கும் முயற்சி ஆனைமலைத் தொடரைச் சார்ந்த மூணாறிலேயே நடந்தது. 2005-இல் நிலச்சரிவு கண்ட அந்தோணியார் காலனியின் சரிவில், கோவை எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம் கம்பியில்லா உணரி வலையமைப்பு ஒன்றை நிறுவியது. துளையிட்டுப் புதைத்த குழாய்களில் நீரழுத்தமானி, மண் ஈரப்பத உணரி, தரை சாய்வதைக் காட்டும் சாய்வுமானி, நுண்ணதிர்வை உணரும் ஜியோஃபோன் ஆகியவை பொருத்தப்பட்டு, அவற்றின் அளவுகள் செயற்கைக்கோள் வழியே ஆய்வு மையத்தைச் சென்றடைந்தன. 2009 ஜூலையில் பெய்த கனமழையில் நீரழுத்தம் ஏறியதைக் கண்டு, இவ்வமைப்பின் வழியாக எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

இத்தகைய கருவிகளை எல்லாச் சரிவுகளிலும் புதைப்பது இயலாத செயல். எஞ்சிய இடங்களுக்கு, எவ்வளவு மழை எத்தனை மணிநேரம் பெய்தால் நிலச்சரிவு ஏற்படும் என்னும் வரம்புக் கணக்கே துணை. மழை நீடிக்க நீடிக்க, குறைந்த வேகமும் போதுமானதாகிவிடும் என 1980-இல் நெல் கெய்ன் என்னும் ஆய்வாளர் காட்டினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2020 முதல் நீலகிரி, டார்ஜிலிங் மாவட்டங்களுக்குச் சோதனை முறையில் முன்னறிவிப்பு வழங்கத் தொடங்கி, 2024-இல் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தை அமைத்தது.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் வாழ்ந்த லயங்களை நிலச்சரிவு மூடியபோது, தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டனர். அன்று அங்கே 600 மி.மீ.க்கும் மேல் மழை பதிவாகியது. அது அதிகனமழை வரம்பின் ஏறத்தாழ மூன்று மடங்கு. தகவல் தொடர்பு அறுந்திருந்தமையால், நேர்ந்த செய்தியே மறுநாள் காலைதான் வெளியுலகை எட்டியது. காலை 8.30 மணிக்குப் படிக்கப்படும் அளவு பதிவேட்டை நிறைக்கும்; இரவில் லயத்தின் கதவைத் தட்ட, மழையோடு மழையாக இயங்கும் கருவியும், அது அனுப்பும் குறியைக் கொண்டு சேர்க்கும் அறுபடாத தொடர்பும் வேண்டும்.