மூக்கில் கொஞ்சம் களிமண்

உலகத்தில் எத்தனையோ விதமான பிடிவாதங்கள் உண்டு. அறுபது வயதைத் தாண்டிய மனிதன், பேத்திக்குக் கதை சொல்ல வேண்டிய வேளையில், குச்சிகளையும் குண்டூசிகளையும் பரப்பிக்கொண்டு பொம்மை ஆகாய விமானம் செய்ய உட்காருவது அவற்றில் ஒன்று. நான் அப்படி உட்கார்ந்த காரணத்தை நேயர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

1968-ஆம் வருஷம் எனக்குப் பதினொரு வயது. பிற்பாடு 1985-இல் தீக்கு இரையான சென்னை மூர் மார்க்கெட்டில் என் தகப்பனார் ஓர் அட்டைப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். திறந்து பார்த்தால் மெல்லிய பால்ஸா மரத் தகடுகள், காகிதம், ரப்பர் நாடா, பெரிய வரைபடம் ஒன்று. விமானத்தை மட்டும் காணோம்! அதை நாமேதான் செய்துகொள்ள வேண்டுமாம்.

பால்ஸா, தென் அமெரிக்காவில் ஈக்வடார் தேசத்தில் ஏராளமாக விளையும் மரம். நம் இலவ மரத்துக்கு உறவு. தேக்கின் கனத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் இருக்கும். இரண்டாவது உலக யுத்தத்தில் பறந்த 'மாஸ்கிட்டோ' என்னும் பிரிட்டிஷ் விமானத்தின் உடலுக்குள்ளேயும் இந்த மரம் இருந்தது.

வரைபடத்தைப் பலகைமீது விரித்து, பசை ஒட்டாதபடி மெழுகுக் காகிதம் போட்டு, குச்சிகளைக் கோட்டின்மேல் வைத்துக் குண்டூசிகளால் நிறுத்தி ஒட்ட வேண்டும். பசை நன்றாகக் காய வேண்டும். பிறகு காகிதத்தைப் போர்த்தித் தண்ணீர் தெளித்தால், காயக் காய அது மிருதங்கத் தோல்போல் இறுகும். அவ்வளவு பொறுமை எனக்கு ஏது? இரண்டே நாளில் முடித்து, மொட்டை மாடிக்கு ஓடி, ரப்பரை முறுக்கி விட்டேன். விமானம் மூக்கை நேரே வானத்துக்குத் தூக்கிற்று. ஒரு கணம் திகைத்து நின்றது. வால் கீழாக விழுந்து நொறுங்கிற்று.

"ஏமாற்றுச் சாமான்!" என்று கத்தினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வரைபடத்தை மடித்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

ரைட் சகோதரர்களுக்கும் இந்த அனுபவம் நேர்ந்ததுண்டு. 1878-இல் அவர்கள் தகப்பனார் தக்கை, மூங்கில், காகிதம், ரப்பர் கொண்டு செய்த பறக்கும் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்தார். அது சீக்கிரமே உடைந்தது. பிள்ளைகள் அதேபோல் செய்து பறக்க விட்டார்கள். பெரிதாகச் செய்தபோது பறக்கவில்லை. மனம் சலித்துப் பட்டம் விடப் போய்விட்டார்கள். ஆனால் பெரியவர்களான பிறகு அந்தப் பிரச்னையை மறுபடியும் கையில் எடுத்தார்கள். 1903 டிசம்பர் 17-ஆம் தேதி அவர்களுடைய விமானம் மனிதனைச் சுமந்து 12 விநாடி பறந்தது.

நான் மறுபடி கையில் எடுத்தது அப்பா காலமான பிறகுதான். அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியில் அந்த வரைபடம் இருந்தது. இறக்கையின் முன் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் பென்ஸில் புள்ளி ஒன்று. அருகே அவர் கையெழுத்து: 'இங்கே தாங்கினால் சமமாக நிற்கவேண்டும். மூக்கில் கொஞ்சம் களிமண்.'

பின்புறம் கனத்தால் மூக்கு தூக்கும். மூக்கு அளவுக்கு மீறித் தூக்கினால் இறக்கை காற்றின் ஆதரவை இழக்கும். அப்பா அன்றே இதைக் கண்டுபிடித்திருக்கிறார். கத்துகிற பிள்ளையிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை, வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கிறார். இலவு காத்த கிளியின் கதைதான். நான் கேட்கவே இல்லை.

பால்ஸா வாங்கி, அதே வரைபடத்தின்மேல் ஒரு மாதம் வேலை செய்தேன். ஒவ்வொரு பசையும் காயும்வரை காத்திருந்தேன். இரண்டு விரல் நுனிகளில் இறக்கையைத் தாங்கி, விமானம் சமமாக நிற்கும்வரை மூக்கில் களிமண்ணை அப்பினேன்.

விடியற்காலை, காற்று எழுமுன், மைதானத்தில் விட்டேன். அது மெதுவாக மேலேறி, ஒரு வட்டம் சுற்றி, புல்லின்மேல் வந்து உட்கார்ந்தது. பேத்தி ஓடிப்போய் எடுத்து வந்தாள்.

"தாத்தா, பறக்கிற சாமானுக்குக் களிமண் எதற்கு?" என்று கேட்டாள்.

அவளை அருகில் உட்கார வைத்து, என் தகப்பனார் சொல்லக் காத்திருந்ததையெல்லாம் சொன்னேன்.