கன்னியர் மடத்தில் ஒரு கனவு

பழங்காலப் பெண் எழுத்தாளர் ஒருவரைப் பற்றிக் கேள்வியுற்றால், அவர் வாழ்வில் நேர்ந்தது என்ன என்று வினவுகிறோம். அவரது கற்பனை எதைக் கண்டது என்று வினவுவோர் சிலரே. நம்மிடமும் இருந்த இக்குறையை உணர்த்தியது, மெக்சிக்கோ நாட்டுத் துறவி ஒருவரின் நெடுங்கவிதை.

அருட்சகோதரி ஹுவானா இனெஸ் தெ லா குரூஸ், பதினேழாம் நூற்றாண்டினர். மூன்று வயதிலேயே தமக்கையைப் பின்தொடர்ந்து சென்று எழுத்தறிந்தவர். பல்கலைக்கழகம் ஆண்களுக்கே உரியதாய் இருந்தமையால், ஆணுடை தரித்தேனும் அங்கே அனுப்புமாறு அன்னையை வேண்டினார். அது கைகூடவில்லை, பாட்டனாரின் நூல்களே அவருக்குப் பள்ளியாயின. 1669-இல் மெக்சிக்கோ நகரின் புனித ஜெரோம் மடத்தில் வார்த்தைப்பாடு அளித்தார்.

1692-இல் ஸ்பெயினின் செவில் நகரில் அச்சேறிய 'முதற் கனவு' என்னும் அவரது கவிதை 975 அடிகளைக் கொண்டது. அதனை மொழிபெயர்ப்பின் வழியே வாசித்தோம். இரவு கவிகிறது, பறவையும் விலங்கும் மனிதரும் துயில்கின்றனர். உடல் உறங்க, ஆன்மா மேலெழுந்து படைப்பு அனைத்தையும் ஒரே பார்வையில் அறிய முயல்கிறது. பேரொளியைக் கண்ட விழிபோல் கூசித் தளர்கிறது. பின்பு ஒவ்வொன்றாய் அறிய முற்படுகிறது. ஒரு சிறு மலரின் இயல்பும் முழுமையாய்ப் பிடிபடவில்லை. ஆயினும் துணிவு குன்றவில்லை. அதற்குள் கதிரவன் எழுகிறான், கனவு கலைகிறது.

கனவு கண்டவர் யார்? இறுதிச் சொல் வரும்வரை கவிதை அதனை வெளியிடுவதில்லை. 'விழித்தவள்' என்னும் பொருள்படும் பெண்பாற் சொல்லொன்றில் கவிதை முடிகிறது. அறிவைத் தேடி விண்ணளாவிய அந்த ஆன்மா ஒரு பெண்ணுடையது என அப்போதுதான் அறிகிறோம்.

இத்தேடல் எளிதில் வாய்த்ததன்று. மறையுரை ஒன்றைப் பற்றி ஹுவானா எழுதிய ஆய்வைப் புவெப்லா ஆயர் 1690-இல் அச்சிட்டார். அதனுடன், உலகக் கல்வியைக் குறைத்துக்கொள்ளுமாறு ஒரு கன்னியரின் புனைபெயரில் அறிவுரையும் எழுதினார். 1691-இல் ஹுவானா பணிவோடும் உறுதியோடும் மறுமொழி விடுத்தார். முட்டை எண்ணெயில் திரள்வதும் சர்க்கரைப் பாகில் சிதறுவதும் ஏன் என்று அடுப்படியிலும் சிந்தித்ததை அதில் கூறுகிறார். தாம் எழுதியவற்றுள் தம் சொந்த விருப்பத்தால் எழுதியது அந்தக் 'கனவு' ஒன்றே என்பதையும் குறிப்பிடுகிறார்.

1695-இல் மடத்தில் கொள்ளைநோய் பரவியபோது, நோயுற்ற சகோதரியரைப் பேணி அந்நோயாலேயே அவர் உயிர்நீத்தார். அத்தியாகத்தை நாம் போற்றுகிறோம், போற்றுதல் தகும். எனினும் அவரே விரும்பி எழுதியதை வாசியாமல், அவரை அறிந்தோம் என்று கூறலாமோ?

நம் இல்லங்களிலும் அடுப்படியில் நின்று சிந்திக்கும் மகளிர் உண்டு. இரவுச் செபம் முடிந்தபின் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதும் பெண் பிள்ளைகள் உண்டு. "வீண் கற்பனை எதற்கு?" எனக் கேட்குமுன், அதனை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்வோம். இறுதிச் சொல் வரையில் பொறுமையோடு கேட்போம்.