மார்கழிக் காற்றில் ஒரு ஞாயிறு

மார்கழி பிறந்தாலும் மட்டாஞ்சேரியில் புழுக்கம் தீராது. பஜார் ரோட்டுக் குடோன்களில் மிளகு, சுக்கு மூட்டைகளோடு மல்லாடும் நம்மவர்கள் குளிரைத் தேடி மூணாறு ஏற வேண்டியதில்லை. எறணாகுளத்தில் காலை ரயிலேறித் திருச்சூரில் இறங்கினால் போதும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வரும் வறண்ட காற்று அங்கே காதை அடைக்கும். நம்மூர்க் காற்றுதான்!

மிருகக்காட்சிசாலைக்கும் அதுவே தோதான காலம். காலைக் குளிரில்தான் மிருகங்கள் நடமாடும். வெயில் ஏறிவிட்டால் புலியும் படுத்துவிடும்.

திருச்சூர்க் காட்சிசாலை 1885-ல் தொடங்கியது. மியூசியமும் அதே வளாகத்தில். சென்னைக்காரர் பாஷையில், உயிர் காலேஜும் செத்த காலேஜும் ஒரே மதிலுக்குள்! ஆனால் இடம் பதின்மூன்றரை ஏக்கர்தான். கூண்டுக்குள் நாலு எட்டு வைத்துத் திரும்பும் புலியின் கஷ்டத்தை, ஒரே அறையில் எட்டுப் பேராய்ப் படுத்தெழும் தொழிலாளிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சென்னை உயிர் காலேஜ் 1985-ல் வண்டலூருக்குப் போனது. திருச்சூரிலும் அப்படியே. 2023 அக்டோபரில் முதலாவதாக மயில் புறப்பட்டது. 2025 அக்டோபரில் புத்தூரில் 336 ஏக்கர் பூங்கா திறப்பு விழா கண்டது.

புலிக்கு விசாலம், நமக்கு அலைச்சல். டவுனிலிருந்து தள்ளியிருப்பதால் ரயிலை விட்டிறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்குச் செலவும் கூடும். வாரத்தில் கிடைப்பதோ ஒரே லீவு. திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்னதாக விசாரித்துக்கொண்டு, கட்டுச்சோற்றை ரயிலிலேயே முடித்துவிடுவது உத்தமம்.