பின்னல் – 9: நாரும் சரமும்

ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் பூக்கட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றால் நேரம் போவதே தெரியாது. நார் சிக்கிக்கொண்டால் அதோடு மல்லுக்கட்ட மாட்டார்கள். நறுக்கென்று அறுத்துப் போட்டுவிட்டு வேறு நார் எடுப்பார்கள். கட்டிய சரத்தில் அது நடக்காது. ஓரிடத்தில் அறுத்தால் அக்கம்பக்கத்துப் பூவும் சேர்ந்து உதிரும். நம் மொழியில் நாரில் விழுவதும் சிக்கல், அறிஞர்கள் ஆராய்வதும் சிக்கல். அவர்கள் ஆராய்வது சரத்தை. இந்தத் தொடருக்குப் 'பின்னல்' என்று பெயர் வைத்தது அதனால்தான்.

அமெரிக்கக் கணிதவியலர் வாரன் வீவர் 1948-இல் ஒரு கட்டுரையில் இதைப் பிரித்துக் காட்டினார். என் வழியில் சொல்கிறேன். கேரம் பலகையில் இரண்டு காய் மோதினால் எது எங்கே போகும் என்று கணக்குப் போட்டுவிடலாம். பலூனுக்குள் கோடானுகோடி மூலக்கூறுகள் முட்டிமோதினால் சராசரி போதும். இரண்டுக்கும் நடுவே, பல உறுப்புகள் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே அந்தக் கணக்கும் உதவாது, சராசரியும் உதவாது.

அந்த நடு இடத்தைப் பார்க்க நான் முக்கொம்புக்குத்தான் போவேன். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவது அங்கே. இரண்டுக்கும் இடையில் கிடக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பு மணல் மேடிட்டு, தண்ணீர் தாழ்வான கொள்ளிடத்துக்கே ஓடியது. தஞ்சை வயல்கள் தவித்தன. 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். காவிரிக்குத் தண்ணீர் வந்தது. வேண்டியதற்கு மேலேயே வந்தது. ஆற்றின் படுகை அரிபடத் தொடங்கியது, வெள்ளப் பயம் தஞ்சைக்கு இடம் மாறியது. 1840-களில் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்புக் கட்டவும் வேண்டியிருந்தது. காட்டன் திறமையில் குறைந்தவர் அல்லர். ஓர் ஆற்றைத் தொட்டால் இன்னோர் ஆறும் அசையும் என்பதை அணை கட்டிய பிறகுதான் ஆறு சொல்லிக்கொடுத்தது.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதே மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து போயின. அதற்குச் சில நாள் முன்புதான் திருவானைக்காவலுக்கு வடக்கே கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்துத் தூண்கள் சரிந்திருந்தன. டீக்கடைகளில் ஒரே வாதம். மணல் அள்ளியதுதான் காரணம் என்றார் ஒருவர். வயசாகிப்போச்சு என்றார் இன்னொருவர். மேட்டூர் அணையை ஒரேயடியாகத் திறந்துவிட்டதைச் சொன்னார் வேறொருவர். படுகை தாழ்ந்தால் நீர் விழும் வேகம் கூடும். அந்த வேகத்தைப் பழைய கட்டுமானம் தாங்காது. வெள்ளம் பெருகினால் இரண்டும் சேர்ந்து சோதிக்கப்படும். எந்த ஒன்றைத் தனியே பிடித்தாலும் விடை பாதிதான்.

'அது ரொம்பச் சிக்கலான விஷயங்க' என்று நாற்காலியில் இருப்பவர்கள் பேச்சை முடித்துக்கொள்ளும்போது எனக்குக் கோபம் வருகிறது. பல இழை உண்டென்றால், ஒவ்வோர் இழையையும் யார் கையில் வைத்திருந்தார் என்று அத்தனை முறை கேட்க வேண்டும்.

கணினித் துறையில் 'சிக்கல்' என்ற இதே சொல்லுக்கு வேறு வேலை. பத்துக் கடைக்குப் பூ கொண்டுபோகும் பையன் எந்த வரிசையில் போகலாம்? 36,28,800 வரிசைகள் உண்டு. பதினோராவது கடை சேர்ந்தால் அது பதினொரு மடங்காகும். கணக்குப் பெருகப் பெருக வேலை எவ்வளவு வேகமாக வீங்குகிறது என்பதைத்தான் அவர்கள் சிக்கலளவு என்கிறார்கள்.

அப்படியானால் உறுப்புகள் நிறைய இருந்தால்தான் பின்னலா? இல்லை என்பதற்குச் சான்று திருச்சியிலேயே பிறந்தது. புதுக்கோட்டை சாலையில் இருக்கும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் மு. லக்ஷ்மணனும் கே. முரளியும், மின்பொறியாளர் லியோன் சுவாவோடு சேர்ந்து 1994-இல் ஒரு மின்சுற்றை வெளியிட்டார்கள். ஒரு மின்தடை, ஒரு கம்பிச்சுருள், ஒரு மின்தேக்கி, 'சுவா டையோடு' என்ற நேரியலற்ற உறுப்பு ஒன்று. இவற்றை ஆட்டிவைக்க ஒரு மாறுமின்னழுத்தம். அவ்வளவே. உலகம் அதை முரளி–லக்ஷ்மணன்–சுவா சுற்று என்று அறிகிறது. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், அலைக்காட்டியின் திரையில் ஒற்றை வளையம் இரட்டையாகும், இரட்டை நான்காகும், பிறகு ஒருபோதும் தன்னைத் திரும்ப எழுதாத கோலமாகிவிடும். அடுத்து எங்கே வளையும் என்று நாம் போடும் கணக்கில், தொடக்க அளவு மயிரிழை பிசகினாலும் போதும். சற்று நேரத்தில் கணக்கு ஒரு பக்கமும் திரை ஒரு பக்கமும் போயிருக்கும்.