விமானம் ஏறும் மிதிவண்டி

1888-ஆம் ஆண்டில் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கியதும், மிதிவண்டிக்கும் பின்னர் மோட்டார் வாகனத்திற்கும் ரப்பர் இன்றியமையாததாகியதும், ஜோகூரின் தோட்டங்களில் பால்மரம் வெட்ட நம் முன்னோர் கப்பலேறியதும் ஒரே சரித்திரத்தின் அத்தியாயங்கள். அத்தோட்டங்களில் பிழைப்புக்காக மிதிக்கப்பட்ட வண்டியை அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று உல்லாசத்திற்காக மிதிக்கின்றனர். செனாய் விமான நிலையத்திலிருந்து பினாங்குக்கோ கோத்தா கினபாலுவுக்கோ பறக்கும்போது அதனையும் பெட்டியில் அடைத்து உடன்கொண்டு போக விரும்புகின்றனர்.

வானத்தில் டயர் வெடித்துவிடுமோ என்பதே பலருடைய முதல் அச்சம். பயணிகள் விமானத்தின் சரக்கறையிலும் காற்றழுத்தம் காக்கப்படுவதாலும், அது குறைவதெல்லாம் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயர மலையில் குறையும் அளவே ஆதலாலும், அதனிலும் பன்மடங்கு அழுத்தத்தைத் தாங்கும் டயருக்கு அதனால் அபாயம் இல்லை. ஆயினும் காற்றை இறக்கச் சொல்லும் விமான நிறுவனங்கள் உண்டு. அப்போதும் சிறிது காற்றை விட்டுவைத்தால் அது சக்கர விளிம்புக்குக் காப்பாகும்.

மெய்யான அபாயம், மேலே அடுக்கப்படும் மூட்டைகள் பக்கவாட்டில் அழுத்துவதே. பின்சக்கரத்தின் வலப்புறத்தில், கியர் மாற்றும் கருவியைத் தாங்கி நிற்கும் ஹேங்கர் என்னும் சிறிய அலுமினியத் துண்டைக் கவனித்துப் பாருங்கள். விலையுயர்ந்த சட்டம் வளைவதற்கு முன் தான் வளைந்து அதனைக் காக்கும்பொருட்டு வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்பட்ட துண்டு அது. சில மில்லிமீட்டர் கோணினாலும் செயின் பற்சக்கரத்தில் தாவும், சில வேளை கம்பிகளுக்குள்ளேயே விழுந்துவிடும். ஆகவே கருவியைச் செயினோடு கழற்றி, பழைய கைலித் துணியில் சுற்றி, பின்சட்டத்தின் குழாய்களுக்கு இடையே கட்டிவிடுவதே உத்தமம்.

முன்சக்கரத்தைக் கழற்றியபின் ஃபோர்க்கின் இரு கால்களும் நெருங்கிவிடாதிருக்க, புதுவண்டியோடு வரும் பிளாஸ்டிக் தாங்கியை இடையே பொருத்த வேண்டும். கேட்டால் சைக்கிள் கடைக்காரர் மகிழ்ந்து கொடுப்பார். டிஸ்க் பிரேக்கானால் அதன் கட்டைகளுக்கு நடுவே தடித்த அட்டையைச் செருகிவைப்பது அவசியம். இடப்பெடலின் மரை மட்டும் எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதால், அதை வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இதை அறியாது பலங்கொண்டு திருகி மரையைப் பாழாக்கியவர் பலர்.

கெட்டிப் பெட்டியின் கனமே சில வேளை பத்துக் கிலோவைத் தாண்டிவிட, 32 கிலோவுக்கு மேற்பட்ட பொதியைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஆதலால், குலுக்கிப் பார்க்கையில் உள்ளே எதுவும் அசையாதவாறு இறுகக் கட்டிய அட்டைப்பெட்டியே சாமானியருக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலத்தைப் பயணி உடன்கொண்டு செல்ல அனுமதியில்லை. மின்சார மிதிவண்டிகளின் கலங்கள் பெரும்பாலும் அவ்வரம்பை மீறியவையே.

இறங்கியதும், விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் பெட்டியைத் திறந்து, முதலில் அந்த ஹேங்கரையே பாருங்கள். சேதமிருந்தால் அங்கேயே முறையிடுவது நலம். சர்வதேசப் பயணமாயின், 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பொதியைப் பெற்ற 7 நாட்களுக்குள் எழுத்துமூலம் புகார் அளித்தாகவோ அனுப்பியாகவோ வேண்டும்.