வேலூரில் ஐந்து பேர்: ஹீமோஃபிலியாவுக்கு மரபணு சிகிச்சை

22 முதல் 41 வயது வரையிலான ஐந்து ஆண்கள். ஐவருக்கும் கடுமையான ஹீமோஃபிலியா ஏ. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) மரபணு சிகிச்சை பெற்ற பிறகு அவர்களில் ஒருவருக்குக்கூட ரத்தக்கசிவு ஏற்படவில்லை. ஐவரையும் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதங்கள். டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழுவின் இந்த முடிவுகள் 2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியாயின. ஆய்வில் இருந்தவர்கள் ஐந்தே பேர். ஆனாலும் இந்த நோயோடு வாழும் குடும்பங்களுக்கு அந்த ‘ரத்தக்கசிவு இல்லை’ என்ற சொல்லின் கனம் தெரியும்.

ரத்தம் உறைவதற்குப் பல புரதங்கள் ஒன்றையடுத்து ஒன்று வேலை செய்ய வேண்டும். அவற்றில் ஒன்று ஃபேக்டர் 8; அது குறைவதால் வருவதே ஹீமோஃபிலியா ஏ. ஃபேக்டர் 8-ஐச் செய்யச் சொல்லும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே ஒரு எக்ஸ்தான். அதில் பழுது இருந்தால் ஈடுகட்ட இன்னொன்று கிடையாது. அதனால்தான் பெரும்பாலும் ஆண்களே பாதிக்கப்படுகிறார்கள். பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. ‘எங்கள் வம்சத்திலேயே யாருக்கும் இல்லையே’ என்று கலங்கும் பெற்றோர் பலர். மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களில் நிலைமை அப்படித்தான். மரபணுவில் புதிதாக ஏற்பட்ட மாற்றமே அங்கே காரணம். தாய்மீது பழிபோட இதில் எந்த நியாயமும் இல்லை.

கடுமையான வகையில் ஃபேக்டர் 8-இன் அளவு இயல்பில் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருக்கும். கையில் கீறல் பட்டால் ரத்தம் கொட்டிவிடும் என்பதுதான் வெளியில் இருப்பவர்களின் பயம். உண்மையான சேதம் உள்ளே, மூட்டுகளில் நடக்கிறது. அடிகூடப் படாமல் முழங்காலிலோ முழங்கையிலோ கணுக்காலிலோ ரத்தம் கசிந்து மூட்டு வீங்கும். வலி தாங்க முடியாது. தேங்கிய ரத்தத்தின் இரும்புச் சத்து மூட்டின் உட்சவ்வைக் கெடுக்கும், கெட்ட சவ்வு இன்னும் எளிதாகக் கசியும். இப்படியே போனால் இருபது வயதுக்குள் கால் மடங்காமல் போகலாம்.

இதற்கு வழக்கமான மருந்து, இல்லாத புரதத்தை ஊசி வழியே ரத்தநாளத்தில் ஏற்றுவது. ‘ஃபேக்டர் போடுவது’ என்பார்கள். தமிழகத்தில் அரசு மருத்துவமனைகளில் இது இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் ஏற்றிய ஃபேக்டரில் பாதி, சுமார் 12 மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். கசிவு வருமுன் தடுக்க வேண்டுமானால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, வாழ்நாள் முழுவதும் போட வேண்டும்.

உடலே ஃபேக்டரைச் செய்துகொண்டால் இந்த ஊசிகள் தேவைப்படாது. மேலைநாடுகளில் இதற்கு ஏற்கெனவே ஒரு மரபணு சிகிச்சை விற்பனைக்கு வந்தது. ஏ.ஏ.வி. என்ற வைரஸில் மரபணுவை ஏற்றிக் கல்லீரல் செல்களுக்கு அனுப்பும் முறை அது. அமெரிக்காவில் 2023-இல் அனுமதி பெற்ற அந்த மருந்தின் விலை அப்போது சுமார் 29 லட்சம் டாலர். அதில் வேறு குறைகளும் உண்டு. அந்த மரபணு குரோமோசோமோடு இணையாமல் தனியே நிற்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஃபேக்டர் அளவு இறங்குகிறது. கல்லீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் சிறுவர்களுக்கு அது பொருந்தாது. அந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்புப் புரதம் ஏற்கெனவே ரத்தத்தில் உள்ளவர்களுக்கும் பயன்படாது.

வேலூர் குழு கல்லீரலை விட்டுவிட்டு எலும்பு மஜ்ஜைக்குப் போனது. ரத்த அணுக்கள் அனைத்துக்கும் மூலமான ஸ்டெம் செல்களை நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் அவற்றுக்குள் ஃபேக்டர் 8 மரபணுவைச் செலுத்தி, மீண்டும் அவர் உடலிலேயே ஏற்றினார்கள். விதைநெல்லிலேயே குணத்தைச் சேர்ப்பது போன்றது இது; அந்தச் செல்கள் பெருகும்போதெல்லாம் புதிய மரபணுவும் கூடவே போகும். மரபணுவைச் சுமந்து சென்றது லென்டிவைரஸ், அதாவது நோய் உண்டாக்கும் பகுதிகள் நீக்கப்பட்ட எச்.ஐ.வி. இந்த இடத்தில் வரலாற்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1980-களில் அமெரிக்காவில் ஹீமோஃபிலியா உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர், ரத்த பிளாஸ்மாவிலிருந்து தயாரித்த ஃபேக்டர் மருந்து வழியாகவே எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானார்கள். அந்த வைரஸின் ஓடுதான் இன்று அவர்களுக்கான மருந்தைச் சுமக்கிறது.

இந்த மரபணுவை வடிவமைத்தவர்கள் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள். மனித ஃபேக்டர் 8-ஐச் செல்கள் எளிதில் வெளியே விடுவதில்லை; பன்றியின் ஃபேக்டரிலிருந்து சில பகுதிகளைச் சேர்த்ததும் சுரப்பு கூடியது. ஐவரில் முதல் இருவருக்கு ஃபேக்டர் அளவு சுமார் 5, 2 சதவீதம் வந்தது. வைரஸ் செல்லுக்குள் புகுவதற்கு உதவும் பொருளையும் சேர்த்துச் சிகிச்சை பெற்ற மற்ற மூவருக்கு 37, 19, 40 சதவீதம். சுமார் 2 சதவீதம் மட்டும் பெற்றவருக்கும் கசிவு வரவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. முழு அளவு தேவையில்லை, சிறிதளவு நிலையாக இருந்தாலே மூட்டைக் காக்க உதவலாம்.

இதற்கு உடல் கொடுக்கும் விலையையும் சொல்லியாக வேண்டும். புதிய ஸ்டெம் செல்களுக்கு இடம் ஏற்படுத்த, பழைய மஜ்ஜையைக் கடுமையான கீமோதெரபி மூலம் அழிக்கிறார்கள். வெள்ளையணுக்கள் 7 முதல் 11 நாட்கள் வரை மிகவும் குறைந்திருந்தன. அந்த நாட்களில் எந்தத் தொற்றும் ஆபத்து. குழந்தைப்பேறும் பாதிக்கப்படலாம். மரபணு போய்ச் சேரும் இடம் தவறினால் ரத்தப் புற்றுநோய் வரலாம். மூளையைத் தாக்கும் ஒரு பரம்பரை நோய்க்கு லென்டிவைரஸ் சிகிச்சை பெற்ற 67 சிறுவர்களில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததாக 2024-இல்தான் செய்தி வெளியானது. வேலூரில் பயன்படுத்திய மரபணு அமைப்பு வேறு. பெரும்பாலும் மோனோசைட் வகை வெள்ளையணுக்களில் மட்டுமே அது வேலை செய்யும். அதனால் ஆபத்து குறையும் என்று எதிர்பார்க்கலாம். உறுதியாகச் சொல்ல, இந்த ஐவரையும் இன்னும் பல ஆண்டுகள் கவனிக்க வேண்டும்.

தோலுக்கடியில் வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ போடும் எமிசிசுமாப் ஊசி கசிவை நன்றாகவே தடுக்கும்போது, கீமோதெரபி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அந்த ஊசி தடையில்லாமல் கிடைக்கும் நாட்டில் நானும் அதையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் அது வாழ்நாள் செலவு. ஃபேக்டர் இருப்பு தீர்ந்துபோனால் அடுத்த ஊருக்கு ஓடும் குடும்பங்களுக்கு ஒரே முறையில் முடியும் சிகிச்சையின் மதிப்பு வேறு. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை இந்த ஆய்வுக்கு நிதி தந்தது. பெரிய அளவில் இது தொடர வேண்டும்.

அதுவரை, வீட்டில் ஹீமோஃபிலியா உள்ளவர்கள் ஃபேக்டரை நிறுத்த வேண்டாம். வலிக்கு ஆஸ்பிரின் தரக் கூடாது, தசையில் ஊசி போடக் கூடாது. தவழும் குழந்தைக்கு அடிக்கடி நீலத் திட்டு வந்தால், பல் பிடுங்கியபின் ரத்தம் நிற்காவிட்டால், ஃபேக்டர் அளவைப் பரிசோதியுங்கள். அண்ணன் தம்பிக்கோ தாய்மாமனுக்கோ இந்த நோய் உள்ள பெண்கள், கருத்தரிக்கும் முன்பே மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.