03/04 எந்த மாதம்?

நாம் 03/04/2008 என்று எழுதினால் ஏப்ரல் 3. அதையே ஜாவாஸ்கிரிப்ட்டின் ‘டேட்’ கட்டளையிடம் கொடுத்தால், உலாவி அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 25/04 என்றால் கவலையில்லை. 25ஆம் மாதம் கிடையாது, பிழை உடனே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் இடம் மாறும் தேதிகள்தான் ஆபத்து. நாள் 12ஐத் தாண்டாமல், மாத எண்ணிலிருந்து வேறுபட்டால் போதும்; ஆண்டுக்கு 132 நாள்கள் அப்படி! வயது வரம்புள்ள உபகாரச் சம்பள விண்ணப்பத்தில் ஒரு மாதம் பிசகினால், தகுதியுள்ள மாணவரே வெளியே போய்விடக்கூடும்.

அதனால் எந்தப் படிவத்தைச் சோதித்தாலும் நான் முதலில் போடுவது 03/04தான். எச்டிஎம்எல்லின் தேதிப் பெட்டியை வைத்தால், திரையில் எப்படித் தெரிந்தாலும் சர்வருக்குப் போவது 2008-04-03. ஆண்டு முதலில், குழப்பமில்லை. ஆனால் பிறந்த தேதிக்காக நாட்காட்டியைப் பல ஆண்டுகள் பின்னால் தள்ளுவது எரிச்சல். அங்கே மூன்று பெட்டிகள் வைப்பேன், மாதத்தை மட்டும் ‘ஏப்ரல்’ என எழுத்தில்.